வாசக்காரர் கேட்ட முகம்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மகள் பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் அடுப்படிக்கு ஓடி வந்து, "உம்மா, பனிவாசல் வந்துருச்சி! தமிழ்லயே வந்துருச்சி! எட்டு எபிசோடு!" என்று என் செல்போனை எடுத்தாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பாதி அரிசி தண்ணீரோடு சேர்ந்து தொட்டிக்குள் போய்விட்டது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே பயந்துவிட்டேன்.

நாற்பதை நெருங்குகிற ஒருத்தி பயப்படுவதற்கு எத்தனையோ நியாயமான விஷயங்கள் இருக்கின்றன. சர்க்கரை டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கிறது, மகளின் கணக்குப் பரீட்சை இருக்கிறது. பிள்ளைகள் பார்க்கிற மாயக்கதைக்குப் பயப்படுகிறவளை என்ன சொல்வீர்கள்? என் கூடப் பிறந்த ராத்தா ஜீனத்திடம் சொன்னால் புளியங்குடியிலிருந்து பஸ் ஏறி வந்து சிரித்துவிட்டுப் போவாள். ஆனால் இந்தப் பயத்தை எனக்குள் போட்டவளே அவள்தான்.

பனிவாசல் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது சின்னப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட ஏழு புத்தகங்கள். எழுதி எத்தனையோ காலம் ஆகிறதாம். நான் ஒன்றைக்கூடப் படித்ததில்லை, அதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கதை இதுதான். ஓர் ஊருக்கு அந்தப் பக்கம் எப்போதும் பனி மூடிய இன்னொரு நாடு. அங்கே வேலைக்குப் போன படகுக்காரர் திரும்பி வரவில்லை. அவரைத் தேடி அவருடைய பிள்ளைகள், அண்ணனும் தங்கையும் கிளம்புகிறார்கள். நடுவில் ஒரு வாசல். வாசலில் கூடையும் கையுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் காசு வாங்கமாட்டார், முகம் வாங்குவார். போகிறவர்கள் தங்கள் ஞாபகத்திலிருந்து ஒரு முகத்தை அவரிடம் விட்டுவிட்டுத்தான் வாசலைத் தாண்ட முடியும். அதைத் துணியில் சுற்றிக் கூடைக்குள் வைத்துக்கொள்வார். அதற்குப் பிறகு அந்த முகம் எதிரே வந்து நின்றாலும் யாரென்று தெரியாது. எங்கள் தெருப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் வாசக்காரர்.

முதல் தடவை அது டிவியில் வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. எங்கள் தெருவில் எங்கள் வீட்டில்தான் கலர் டிவி இருந்தது, வாப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் பாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பக்கத்துத் தெருவில் விசைத்தறி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். வாசக்காரர் வருகிற நேரம் தறி நிற்க வேண்டும் என்று கண்ணை மூடி துஆ கேட்டிருக்கிறேன். ஒருநாளும் நின்றதில்லை. பாட்டு வரும்போது மட்டும் சரியாக நிற்கும்.

இப்போது யோசித்தால் அது செலவில்லாமல் எடுத்த தொடர் என்று தெரிகிறது. பனி என்று காட்டியதெல்லாம் பஞ்சு. ஆற்றில் போன படகு ஒரே இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் வாசக்காரருக்கு ஒரு பெரிய காகிதக்கூழ்த் தலை வைத்திருந்தார்கள். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு தையல். வாய் அசையாது, அசையாத வாயிலிருந்து தமிழ் வரும். அதுவும் என்ன தமிழ்! ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி நிதானமாக, "ஐயா, யாருடைய முகத்தை விட்டுச் செல்கிறீர்கள்?" என்று கேட்பார். உறுமியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியாது.

ராத்தா என்னைவிட மூன்று வயது மூத்தவள். அவளுக்கு எதிலும் பயம் கிடையாது. தொடர் முடிந்ததும் தாவணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு, உம்மா மீன் வாங்குகிற கூடையைத் தூக்கிக்கொண்டு என்னைத் துரத்துவாள். பனி நாட்டுக்கு மீன் வாடை அடிக்கும் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அப்படித் துரத்திக் கொல்லைக் கதவோரம் என்னை மடக்கிவிட்டுச் சொன்னாள்.

"நம்ம வாப்பாவும் வாசலத் தாண்டித்தானட்டி போறாங்க. ஏர்போர்ட்டுல சீல் குத்துதாங்கள்ல? அதுக்கு முன்னால ஒரு மொகத்தக் குடுக்கணும். நம்ம ரெண்டு பேருல ஒருத்தி மொகம்."

"யாரு மொகம்?"

"ஒன் மொகந்தான். நான் மூத்தவல்லா? என்னைய எப்பிடிக் குடுப்பாங்க?"

நான் அழுததும் அவளே பயந்துபோய், "சும்மா சொன்னேன், ஏட்டி" என்றாள். சொன்னது சொன்னதுதானே.

அப்போது வாப்பா லீவில் வந்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் வீட்டில் கோடாலித் தைல வாடையும் வெளிநாட்டு சோப்பு வாடையும் இருக்கும். இன்றைக்கும் வாப்பா முழங்காலுக்குத் தைலம் தேய்த்தால் எனக்கு முதலில் அவர் ஊருக்குக் கிளம்பப் போகிறார் என்று தோன்றும், பிறகுதான் வாப்பாவுக்கு மூட்டு வலி என்பது நினைவுக்கு வரும். அந்த லீவு முழுவதும் அவர் முகத்துக்கு நேராகப் போய்ப் போய் நின்றேன். சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்தேன். சவரம் செய்யும்போது கண்ணாடிக்குள் தலையை நீட்டினேன். "என்ன புள்ள, கன்னத்துல வெட்டிக்கிடப் போறேன், தள்ளு" என்பார். என் முகம் அவருக்குள் நன்றாகப் பதிந்துவிட்டால் கூடைக்குப் போகாது என்று எனக்கு ஒரு கணக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொடரிலேயே ஒரு வழி வந்தது. அண்ணன் வாசலில் கால் வைக்கப் போகும்போது தங்கை பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கத்துகிறாள். அவன் திரும்பிப் பார்க்கிறான். வாசக்காரர் கூடையை மூடிவிட்டு, "திரும்பிப் பார்த்த முகம் என் கூடைக்குச் சேராது" என்கிறார். எனக்கு மூச்சு வந்தது. கூப்பிட்டால் போதும், வாப்பா திரும்பினால் போதும்.

மூச்சு வந்த வேகத்தில் போய்விட்டது. எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் வெளியே கிளம்புகிறவரைப் பின்னால் கூப்பிடக் கூடாது. சகுனம் பார்க்கிறது நமக்கு ஆகாது என்று சொல்கிற உம்மாவே இதில் மட்டும் விடமாட்டாள். யாராவது வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டால், போகிறவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். பஜாருக்குப் போகிறவருக்கே இந்தச் சட்டம். கடல் தாண்டிப் போகிறவரைக் கூப்பிட்டால்? விமானம் கடலில் விழும் என்று ராத்தா சொன்னாள். எனக்கு இரண்டு பக்கமும் அடைப்பு. கூப்பிட்டால் வாப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும், கூப்பிடாவிட்டால் நான் அவருக்கு யாரோ ஆகிவிடுவேன்.

கிளம்புகிற அன்று உம்மா எங்கள் இரண்டு பேரையும் சுவரோரம் நிறுத்தி, தோளிலிருந்து முழங்கால்வரை நூல் பிடித்தாள். அடுத்த தடவை வரும்போது சட்டை வாங்கிவர அந்த நூல்தான் அளவு. ராத்தா நூலில் இரண்டு முடிச்சு, என் நூலில் ஒரு முடிச்சு. வாப்பா இரண்டையும் மடித்துப் பர்சுக்குள் வைத்துக்கொண்டார். என் உயரம் பர்சுக்குள் போய்விட்டது, முகம் போகுமா என்று நான் பர்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியான ளுஹர் தொழுகை முடிந்து வேன் வந்தது. திருவனந்தபுரம் போக வேண்டும். பெட்டிகள் ஏறின. வாப்பா எல்லோருக்கும் ஸலாம் சொல்லி, என் தலையில் கை வைத்தார், வலது காலை எடுத்து வைத்துப் படி இறங்கினார். நீல முழுக்கைச் சட்டை, முதுகில் வேர்வை ஒட்டியிருந்தது. பிடரி முடியைப் புதிதாக வெட்டியிருந்ததால் அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. வேனுக்கும் வீட்டுக்கும் பத்து எட்டு நடை இருக்கும். ஏழாவது எட்டுவரை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அதற்குமேல் முடியவில்லை.

"வாப்பா!"

தெருவே திரும்பிப் பார்த்தது. உம்மாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது, அந்தக் கை ஜில்லென்று இருந்தது. வாப்பா நின்றார். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். தோள் கொஞ்சம் அசைந்தது. திரும்பப் போகிறார், திரும்பப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பவில்லை. அப்படியே நடந்து வேனில் ஏறி, டிரைவர் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். வேன் புளியங்குடி ரோட்டில் திரும்பிப் போய்விட்டது.

உம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அழுது முடித்திருப்பேன். "ஏட்டி, இப்பிடிப் பண்ணிட்டியே, யா அல்லா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான். வாப்பா நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார் என்று போன் வரும்வரை தொழுகிற முஸல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகும் கடிதம் நாலு நாள் தள்ளிப்போனால் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் வேறு வேறு பயத்தோடு இருந்தோம். அவள் வாப்பா உயிரோடு வர வேண்டுமே என்று பயந்தாள். நான் வருகிறவருக்கு என்னைத் தெரிய வேண்டுமே என்று பயந்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் பஜார் பூத்துக்கு வாப்பாவின் போன் வரும். பூத்து அண்ணாச்சி ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். ஒருநாள் ரிசீவர் என் கைக்கு வந்ததும் நேராகக் கேட்டுவிட்டேன்.

"வாப்பா, நான் எப்பிடி இருப்பேன், சொல்லுங்க?"

"என்ன கேள்வி புள்ள இது? ரெட்டச் சடை, ஓரத்துல ஒரு பல்லு இருக்காது."

பல் முளைத்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. பேன் தொல்லைக்குச் சடையையும் உம்மா வெட்டிவிட்டிருந்தாள். நான் ரிசீவரை ராத்தாவிடம் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நாக்கால் அந்தப் பல்லைத் தடவிக்கொண்டே வந்தேன். இதைப் பிடுங்கி எறிந்துவிட முடியுமா என்றுகூட யோசித்தேன். அவ்வளவு தைரியம் எனக்கு ஏது?

இரண்டு வருஷம் கழித்து வாப்பா வந்தார். வேன் நின்றது, இறங்கினார், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். நேராக என்னைப் பார்த்துச் சிரித்து, "ஜீனத்து" என்று ராத்தாவின் பெயரைச் சொன்னார்.

அந்த நொடியை நான் எப்படிச் சொல்ல? காதுக்குள் கொய்யென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. ஓடிப்போய்க் குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டேன். வெளியே ராத்தா அழ ஆரம்பித்துவிட்டாள். கூடைக் கதை முழுவதையும் அவளே ஒப்பித்தாள். பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் வாப்பாவின் குரல் கேட்டது.

"மக்கா, நான் போம்போது ராத்தா இருந்த உசரத்துக்கு நீ இருக்க. நான் என்ன செய்ய? ரெண்டு வருசமா அந்த உசரத்தத்தான மனசுல வச்சிருந்தேன். கதவத் தொற."

திறந்தேன். எனக்கு வாங்கிவந்த ரோஸ் கலர் சட்டையை அங்கேயே நின்று போட்டுப் பார்த்தார்கள். நூலுக்குச் சரியாக இருந்தது, எனக்குத் தொடைக்குமேல் நின்றது. வாப்பா அந்தச் சட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்தார், துணி என்ன வளரவா போகிறது? அவர் முகத்தில் அப்போது என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நான் காலேஜில் படிக்கும்போது பனிவாசல் பெரிய சினிமாவாக வந்தது. லோக்கல் கேபிளில் தமிழில் போட்டார்கள். பழைய பயத்தை ஒருவழியாகத் தீர்த்துவிடலாம் என்று தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாசக்காரரை இரண்டு மாடி உயரத்துக்குப் பூதமாக ஆக்கியிருந்தார்கள். வாயைத் திறந்தால் நெருப்பு. முகம் கேட்கிற பேச்சே இல்லை, கூடையும் இல்லை, ஒரே சண்டை. உம்மா பாதியில் குறட்டை விட்டாள். எனக்குத் துளிகூடப் பயம் வரவில்லை, அதில் கோபம்தான் வந்தது. எத்தனை வருஷம் இந்த ஆளுக்காகப் பயந்திருக்கிறேன், நீங்கள் பாட்டுக்குக் கூடையை எடுத்துவிட்டீர்களே என்று டிவியோடு சண்டை போடத் தோன்றியது.

இப்போது போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரரும் சவூதியில், தம்மாமில்தான் இருக்கிறார். ஆனால் மகளுக்கு அந்தப் பயம் இல்லை. தினமும் வீடியோவில் அவரைப் பார்த்து, "வாப்பா, தாடிய எடுங்க, நல்லால்ல" என்று அதட்டுகிறாள். அவள் போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நாற்காலியில் என் வாப்பா. உம்மா மவுத்தான பிறகு வாப்பா எங்களோடுதான் இருக்கிறார். தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார், அந்த வாடை வேறு.

இரண்டாவது எபிசோடில் வாசல் வந்தது. நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை வாசக்காரர் ஒரு சின்ன வயசுப் பெண். கண்ணாடிக் கூண்டுக்குள் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். படகுக்காரர் வேலைக்குப் போகிற அந்த முதல் நாளைக் காட்டினார்கள். அவர், "நான் யார் முகத்தைத் தரணும்?" என்று கேட்கிறார். அவள் தலையை நிமிர்த்தாமல் சொல்கிறாள்: "போறவங்ககிட்ட நாங்க எதுவும் வாங்கறதில்லை. வழியனுப்ப வந்து நிக்கிறவங்ககிட்டதான் வாங்குவோம்."

"தப்பாச் சொல்லுதாளே" என்றேன்.

"இல்ல உம்மா, புக்குல இப்பிடித்தான் இருக்கு. பழைய சீரியல்லதான் மாத்திட்டாங்களாம். நீங்க படிக்கலயா?" என்றாள் மகள்.

நான் படிக்கவில்லை. அப்போது ஏறிய குளிர் இன்னும் இறங்கவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு வேலை. வெளிநாட்டுக்கு மனுப் போட வருகிறவர்களின் போட்டோவை நாள் முழுவதும் அளவு வெட்டிக் கொடுக்கிறேன். "அண்ணாச்சி, கண்ணச் சிமிட்டாதிய" என்று எத்தனை முகத்தைப் பார்த்திருப்பேன். ஆனால் அன்றைக்கு என் தலையில் கை வைத்தபோது வாப்பாவின் முகம் எப்படி இருந்தது? யோசித்தேன், வரவில்லை. லீவு முழுவதும் எதிரே போய் நின்றேனே, அதில் ஒரு நாள்? அதுவும் வரவில்லை. கண்ணாடிக்குள் என் தலைதான் தெரிகிறது. ஆல்பத்தில் ஒரு பாஸ்போர்ட் போட்டோ இருக்கிறது, அது ஸ்டுடியோக்காரருக்குக் காட்டிய முகம். எனக்கென்று இருப்பது அந்த நீலச் சட்டை, வேர்வை, வெட்டிய பிடரி. வாப்பா என் உயரத்தைத் தப்பாகவாவது வைத்திருந்தார். நான் அவர் முதுகை மட்டும் வைத்திருக்கிறேன்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். வாப்பா நாற்காலியைப் பிடித்து எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வலது காலை எடுத்துப் படியில் வைத்தார். என்ன செய்கிறேன் என்று தெரியவில்லை, என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"வாப்பா!"

இந்தத் தடவை திரும்பினார். "என்னட்டி, போறவனப் பின்னால கூப்புடுத?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கும் இப்பிடித்தான் கூப்ட்ட."

"கேட்டுச்சா வாப்பா?"

"கேக்காம? திரும்புனா உள்ள வந்து உக்காந்து தண்ணி குடிக்கணும். உக்காந்தா பெறகு நான் எந்திரிச்சிருக்க மாட்டேன் மக்கா. அந்தப் பயத்துலதான் திரும்பல."

டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி கிளம்பினார். நான் அவர் முகத்தைக் கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளைத் தாடி, ஒரு பக்கம் ஒட்டிய கன்னம், கண்ணோரம் தைலத்தின் மினுமினுப்பு. எனக்கு நன்றாகத் தெரிந்த முகம்தான், அறுபத்தெட்டு வயது முகம். நான் கூப்பிட்டது முப்பத்தொன்பது வயதுக்காரரை. அவர் திரும்பவில்லை.